முட்டைக்கோஸ் நாற்றம் வராத வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் நம் பேரப்பிள்ளை வாலுவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். நீ அனுப்பிய முதியோர் இல்லத்துப் படிவம் வந்து பத்து நாள் ஆகிறது, சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஒன்றைச் சொல்ல ஒன்பது உதாரணம் வேண்டும் எனக்கு. சூப்பில் தொடங்கித்தான் படிவத்துக்கு வருவேன், பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமைதோறும் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காய்கறி சூப் வைக்கிறேன். உன் அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியும் எனக்குச் சின்னப் பாத்திரத்தில் சமைக்க வரவில்லை. கேரட், பீன்ஸ், வெங்காயம், தக்காளி, பாதி முட்டைக்கோஸ், மிளகு. அன்றைக்கு ஒரு கிண்ணம், மீதி ஆறு பாட்டிலில் ஃப்ரீசருக்குள். முதல் தடவை கழுத்துவரை ஊற்றி வைத்து, மறுநாள் திறந்தால் பாட்டில் விரிசல் விட்டிருந்தது. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பிள்ளைகளைத்தான் உட்கார வைக்க வேண்டும், ஒருவன் சோம்பல் முறித்தால் கடைசிப் பையன் கீழே விழாமல் இருப்பான். சூப்பும் உறையும்போது சோம்பல் முறிக்கிறது. இப்போது இரண்டு விரல் இடம் விட்டே ஊற்றுகிறேன். உருளைக்கிழங்கைச் சேர்ப்பதில்லை, உறைந்து உருகினால் ஈர மணலைத் தின்பது போல இருக்கிறது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து நன்றாக ஆறவிட்டு, பிறகுதான் பாட்டில். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் தேதி, திருத்தி முடித்த விடைத்தாள் மாதிரி வரிசையாக நிற்கும். ஆறு நாளுக்கு ஆறு பாட்டில் சரியாக இருக்கிறது, எதிரே உட்கார்ந்து உப்புக் கூடுதல் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றேனே, நாற்றத்தைக் குறை சொல்ல இருந்தார்கள். நான் முட்டைக்கோஸை மற்றக் காய்களோடு சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்க விடுவேன். மேல்வீட்டுத் தையல்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்பார், "ஏன் சார், சாக்கடை அடைச்சிருக்கா, இல்ல நீங்க சமைக்கிறீங்களா?" என்று. ஒருநாள் "துணி எடுக்க வந்தவங்க ஜாக்கெட்டை மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க" என்று சண்டைக்கே வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் சொன்னபோது நீ சிரித்துவிட்டு, கோஸை மட்டும் கடைசியில் போடுங்க, அஞ்சு நிமிஷம் போதும், மூடாதீங்க என்றாய். முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்தியவனுக்கு நீ ஒரே நிமிடத்தில் நடத்தின பாடம்.

இந்த வியாழக்கிழமை அப்படியே செய்தேன். கோஸ் இனித்தது, வீட்டில் ஒரு வாடையும் இல்லை. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த நேரம் கதவு இடிபட்டது, தட்டவில்லை, இடித்தார்கள். கரண்டியும் கையுமாகத் திறந்தேன். தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா, ஒரு காலில்தான் செருப்பு. பின்னால் கடப்பாரையோடு காவலாளி. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உசிரோடதான் இருக்கீங்களா? மணி ஒண்ணு ஆச்சு, இன்னும் நாத்தம் வரலையேன்னு பதறி ஓடி வர்றேன், நீங்க சாவகாசமா சாப்பிடுறீங்க!" காவலாளி கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தபடி கீழே இறங்கிப் போனார். தையல்காரம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அந்த அம்மா குடித்துவிட்டு, "இதையா சார் இத்தனை நாளா அப்படிக் கொன்னீங்க?" என்றார். படியேறப் போனவர் திரும்பிப் பார்த்து, "பரவால்ல, பழையபடியே வேக வைங்க. நான் ஜன்னலைச் சாத்திக்கறேன்" என்றார்.

அவர் போன பிறகு இரண்டு கிண்ணங்களைக் கழுவினேன். ஒன்றரை வருடத்தில் இரண்டாவது கிண்ணம் நனைந்தது அன்றைக்குத்தான்.

மழைக்காலத்தில் நான் குளியலறையில் விழுந்து காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை கிடந்ததை நீ மறக்கவில்லை, யாருக்குமே தெரியலையேப்பா என்று அழுதாய். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று நாற்பது குரல் வரும், எதற்கும் நான் தலை நிமிர்ந்ததில்லை. குரல் வராத இடத்தில்தான் நிமிர்ந்து பார்ப்பேன். மேல்வீட்டில் ஒருவர் அப்படி நிமிர்ந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் எனக்கு நடந்தது. ஆனால் அது வாரத்தில் ஒரு நாள் அம்மா, மற்ற ஆறு நாளும் பாட்டில் சூப், அது மணக்காது. அவரும் அடுத்த மாதம் தங்கை வீட்டுக்குப் போகிறார், திரும்ப இருபது நாள் ஆகுமாம். தனிமை இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் முதல் சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அன்றைக்குப் பேசும் முதல் சொல் அதுதான். அந்த இல்லத்தில் தினமும் கதவைத் தட்ட ஆள் உண்டு, சம்பளத்துக்கு. குறையாகச் சொல்லவில்லை, நானும் சம்பளத்துக்குத்தான் பெயர் கூப்பிட்டேன். படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. ஞாயிறு மட்டும் போதாது, தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் என்னைக் கூப்பிடு. நான் எடுக்கவில்லை என்றால் காவலாளியிடம் சொல், மாற்றுச் சாவி அவரிடம் கொடுத்துவிட்டேன். இதை உன்னிடம் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. முடியாது என்றால் அதையும் சொல்லிவிடு, வருத்தப்படாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். வாலுவுக்கு என் முத்தம். சூப்பைப் பாட்டிலில் ஊற்றினால் இரண்டு விரல் இடம் விட மறக்காதே. காலையில் நீ கூப்பிட்டால் நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று, அதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

உள்ளேன் அம்மா.

உன் அப்பா