உள்ளிருந்து திறக்கும் கதவு

பிக்கப் வண்டியின் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. வண்டி உனக்காக நிற்கட்டும், நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். சாப்பாடு அடுப்பில் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று வண்டியில் போட்ட சண்டையில் “நான் இறங்கிப் போறேன்” என்று சொன்ன கையோடு, “வந்து கதவைத் திறந்துவிடுங்க” என்றும் நீ சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால் காலையில் உன் பக்கத்துக் கதவைப் பிரித்தேன். உள்கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி பூட்டை விடுவிக்க வேண்டும். கம்பியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகமளவு கிளிப், எட்டு வருஷமாக உடைந்து கிடந்திருக்கிறது. புதிது போட்டுவிட்டேன். உட்கார்ந்து இழுத்துப் பார்.

நான் சுற்றி வந்து கதவு திறப்பது மரியாதை என்று உன் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கிளிப் விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம்.

பி.கு.: மாலை நான் வந்ததும், என்னோடு வண்டியில் அக்கா வீட்டுக்கு வருவாய்தானே? வண்டி நின்றதும் இறங்கிவிடாதே. நான் சுற்றி வருகிறேன். அக்கா பார்க்காத இடத்திலும்தான்.