இருமிப் பார்த்தேன்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டிப் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். நானும் சுகமாகத்தான் இருக்கிறேன், அதைத்தான் நீ நம்ப மாட்டேன் என்கிறாயாம். என்ன ஆபரேஷன் என்று நீ போனில் கேட்டதற்கு அப்பா, “அது பொம்பளைங்க சமாச்சாரம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். நீ அதை வைத்துப் புற்றுநோய்வரை போய்விட்டாய் என்று மருமகள் சொன்னாள். அப்படி ஒன்றும் இல்லை கண்ணா. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசியும். அதைச் சரிசெய்யத்தான் ஆபரேஷன். இதைப் போனில் சொன்னால் “சரிம்மா சரிம்மா” என்று நழுவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பிறந்தபோதே லேசாகத் தொடங்கியது. உன்மேல் பழி போடவில்லை, ஆனாலும் நீ நல்ல கனமாகத்தான் பிறந்தாய். மாதவிலக்கு நின்றபின் கூடிப்போனது. பாடம் நடத்தும்போது சாக்பீஸ் தூசியில் இருமல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு மேஜையைப் பிடித்துக்கொள்வேன். மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் வெளியே ஓடுவதைப் பார்த்து அவர்கள் எனக்கு ‘எக்ஸ்பிரஸ் மிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அடர்ந்த நிறப் புடவையைத் தவிர வேறு கட்டுவதில்லை. போன வருஷம் ஆசிரியர்கள் அறையில் கணக்கு வாத்தியார் ஏதோ சொல்ல, அடக்க முடியாமல் சிரித்து, புடவை நனைந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போகும்வரை நாற்காலியை விட்டு எழாமல் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். பள்ளி நூலகர் அம்மா மட்டும் திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் தன் சால்வையை என் மடியில் போட்டுவிட்டு, “எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, நாளைக்கே போலாம். அவங்களுக்கு இதெல்லாம் சளி காய்ச்சல் மாதிரி” என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை வெட்கத்தால் இல்லை. ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியால்.

டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, கீழே துணி விரித்து, நின்றுகொண்டு இருமச் சொன்னாள். அதுதான் பரிசோதனை. இத்தனை காலம் எதற்குப் பயந்தேனோ அதையே ஒருத்தி முன்னால் செய்து காட்டச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அதிலேயே அவளுக்கு விடையும் கிடைத்துவிட்டது. வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரைந்து காட்டியிருக்கிறேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டு ‘வெளியே’ என்று எழுதிவிடுவேன், அதோடு பாடம் முடிந்தது. அந்த அம்புக்குறி இருக்கும் இடத்தில் தசைகள் தளம்போல் விரிந்து சிறுநீர்க் குழாயைத் தாங்குகின்றனவாம். தளம் தொய்ந்துபோனால், இருமும்போது மேலிருந்து வரும் அழுத்தத்துக்குக் குழாய் மூடிக்கொள்ளாது. முதலில் சில மாதம் அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி கொடுத்தாள். பலருக்கு அதுவே போதுமாம். எனக்குக் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம்தான் குழாய்க்கு அடியில் தொட்டில்போல் ஒரு பட்டை வைப்பதைப் பற்றிச் சொன்னாள். நான் விடுவேனா. எங்கே மாட்டுவீர்கள், இழுத்துக் கட்டுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். இழுத்துக் கட்டினால் சிறுநீரே போகாதாம், சும்மா தாங்கினால் போதுமாம். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி எடுத்துக் கையில் கொடுத்தாள், விரலகலத்துக்கு மெல்லிய வலை. அதன் கண்களுக்குள் நம் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எடுத்துவிடலாமா என்றேன். கொஞ்சம் யோசித்து, “சுலபமா எடுக்க முடியாதும்மா. சிலருக்கு அது உள்ளயே உரசி வலி குடுத்திருக்கு. நிறைய பேர் நல்லாவும் இருக்காங்க” என்றாள். அப்படி ஒளிக்காமல் சொன்னதால்தான் அவளை நம்பினேன். இன்னொரு வழி, நம் அடிவயிற்றுத் தசையின் உறையிலிருந்தே ஒரு பட்டை வெட்டி அங்கே வைப்பது. வெட்டு பெரிசு, தேற நாளாகும். புடவைத் தலைப்பில் கிழித்து அதே புடவைக்கு ஒட்டுப்போடுகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அதுதான் பிடித்தது. இதிலும் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்குத் திரும்ப வரலாம் என்றும் சொன்னாள். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம், வடிவதற்காகச் செருகியிருந்த ரப்பர் குழாயை எடுத்ததும் சிறுநீர் வரவே இல்லை. வேண்டாதபோதெல்லாம் வந்தது, வா வா என்று கூப்பிட்டால் வரவில்லை. பயந்துதான் போனேன். நர்ஸ் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். திரும்ப ரப்பர் குழாய் போட்டு, எடுத்து, கடைசியில் வந்தது. தையல் ஆறியபின் ஒருநாள் சன்னல் பக்கம் நின்று மெதுவாக இருமிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பலமாக இருமினேன். அப்பா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்து, “என்னாச்சு, நெஞ்சுவலியா?” என்றார். இல்லை, சும்மா இருமுகிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு உதவிக்கு உன் அத்தை வந்திருக்கிறாள். அண்ணியைக் கவனிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று பெட்டியோடு வந்து இறங்கினாள். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, “அண்ணி, அந்த டாக்டர் என் வயசுக்காரங்களயும் பாப்பாங்களா?” என்று கேட்டாள். பஸ்ஸில் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு உட்கார முடியாது என்பதால்தான் மகள் வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்திருக்கிறாள். நாமெல்லாம் அவளை வீறாப்புக்காரி என்று நினைத்திருந்தோம். அவளுக்கு இருப்பது என் மாதிரியா, வேறு வகையா, மாத்திரையில் தீருமா, போய்க் கேட்டால்தான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஒரே கொடியில்தான் துணி காயப்போட்டோம். ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

மருமகளுக்குப் பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவளிடம் நீயே பக்குவமாகக் கேள். சொல்லத் தயங்கினால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்வா. பாரம் தூக்க அவளை விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா