மதிலடியில் நீ பிடித்த வெள்ளை விரிப்பு

எடியே,

இன்று காலை ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் நான் துணி வெளுக்கும் லோண்டரிக்கு வந்த ஹோட்டல் கட்டில் விரிப்புகளில் ஒன்று இரத்தத்தோடு வந்தது. நடுவில் உள்ளங்கை அளவு கறை. இது போகாது, குப்பையில் போடுங்கள் என்றாள் என்னோடு வேலை செய்யும் மலேசியாக்காரி. எனக்கு மனம் வரவில்லை. மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். பிளீச் மணத்தையும் மீறி அந்த இரத்த வாடை என்னை நேரே பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நமக்கு இருபது வயதுகூட முழுதாக ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிய நாம் கிழக்குப் பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்குள் வந்தோம். அந்தப் பக்கம் ரஷ்யன், இந்தப் பக்கம் அமெரிக்கன், நடுவே மதில். நகரம் பிரிந்ததையே ஏற்கமாட்டோம் என்று மேற்குக்காரர் வீம்பு பிடித்ததால் அவர்கள் பக்கத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. அவங்களின் கொழுவலில் நாங்கள் தப்பிவிட்டோம் என்று நீ சிரித்தாய். அகதி விடுதியில் நம் அறை ஜன்னலைத் திறந்தால் மதிலும் காவல் கோபுரமும்தான்.

அந்த மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டதும் இருவரும் பழக்கதோஷத்தில் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டோம். எழும்பிப் பார்த்தபோது மதிலுக்கு அப்பால் மணலில் ஒருவன் குப்புறக் கிடந்தான். கிழக்கிலிருந்து நம் பக்கம் தாண்ட வந்தவன். கால் இன்னும் அசைந்தது. கோபுரத்தில் நின்றவர்கள் துவக்கை இறக்கவில்லை. இந்தப் பக்கம் ஜீப்பில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களும் குறி வைத்தபடி நின்றார்கள். மதிலைத் தாண்டி ஓரடி வைத்தால் பெரும்போர் மூண்டுவிடுமாம். கிடந்தவன் கத்தினான், பிறகு முனகினான்.

நீ கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு ஓடினாய். ஊரில் உன் தம்பி சந்தியில் சூடுபட்டுத் துடித்தபோது உன் அம்மா வெள்ளைச் சேலையை உயர்த்திப் பிடித்துத்தான் தூக்கப் போனார். ஆமி கிட்ட விடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே அவன் செத்துப்போனான். வெள்ளை பிடித்தால் சுடக்கூடாது என்பது ஊரிலேயே செல்லாத சட்டம். அதை நீ பெர்லினுக்குக் கொண்டுவந்தாய், விசரி. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கக் கட்டியிருந்த மரமேடையில் ஏறி, விரிப்பை விரித்துப் பிடித்துத் தமிழில் கத்தினாய்.

“சுடாதேங்கோ! நான் அவனைத் தூக்கப் போறன்.”

கோபுரத்துத் துவக்கு உன் பக்கம் திரும்பியது. அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் பின்னாலிருந்து உன் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே எறிந்தான். படியில் வாய் அடிபட்டு முன்பற்கள் இரண்டும் தெறித்தன. விரிப்பெல்லாம் உன் இரத்தம். அந்தப் பக்கம் சூடுபட்டவனைக் காலில் பிடித்து இழுத்துப்போனார்கள். உயிரோடா, பிணமாகவா, நமக்குத் தெரியவரவேயில்லை.

வீங்கிய வாயோடு நீ அன்று சொன்னாய்: “ரெண்டு பக்கமும் இவ்வளவு துவக்கு. தூக்கிறதுக்கு ஒரு கை இல்லையேடி.”

ஆக்லாந்துக்கு வந்தபிறகு கட்டுப்பல்லைக் கழற்றிக் காட்டி என் பிள்ளைகளைப் பயமுறுத்துவாய். போன குளிர்காலத்தில் உன் இதயம் நின்றபோது எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாய்.

இன்று வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். இரண்டு பேர் ஒருவனை நிலத்தில் போட்டுச் சப்பாத்துக் காலால் தலையில் உதைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நான் உன்னைப்போலத் துணிஞ்ச கட்டை இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் கை பைக்குள் போய் அந்த விரிப்பை எடுத்துவிட்டது. அதோடு அவன்மேல் விழுந்து மூடிக்கொண்டு, “சுடாதேங்கோ” என்று கத்தினேன். அங்கே ஒருவரிடமும் துவக்கே இல்லை. ஓர் உதை என் மணிக்கட்டில் விழுந்தது. பிறகு இந்தக் கிழவிக்கு என்ன பைத்தியமோ என்று நினைத்தார்களாக்கும், ஏசிக்கொண்டே போய்விட்டார்கள்.

மகள் வந்து ஆங்கிலத்தில் கிழி கிழியென்று கிழித்தாள். கை வீங்கியிருக்கிறது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

அவர்கள் போனபிறகும் விரிப்பை அந்த அடிபட்டவன் தலையில் அழுத்திப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளைப் பற்றிக்கொண்டான். எடி, இவன் எழும்பி நடந்தான்.