நாக்கில் ஒட்டிய உருண்டைகள்

சார்,

இன்று காலை பிரஷர் மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கத் தோன்றாமல் உட்கார்ந்து சிரித்தேன். உங்கள் ஞாபகம். இந்த வயதில் இப்போதுதான் எழுத்துக் கூட்டி எழுதப் பழகியிருக்கிறேன். ஒரு வரிக்கு நெடுநேரம் ஆகிறது, ஆனாலும் எழுத எழுத இனிக்கிறது. நீங்கள் உயிரோடு இல்லை என்று தெரிந்தும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

விருத்தாசலத்தில் நான் பீங்கான் சூளையில் வேலை பார்த்த காலம். மெட்ராஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ரயிலில் வந்து, மிளகளவு களிமண் உருண்டைகள் சுட்டுத் தரச் சொன்னீர்கள். அவற்றில் ஏதோ மருந்தை ஏற்றி, எண்ணெய் ஆலையில் வீணாக எரிகிற லேசான வாயுவை மேலே விட்டால் அது பெட்ரோலாக மாறுமாம். தான் மாறாமல் மற்றதை மாற்றுகிற அதைக் கிரியா ஊக்கி என்றீர்கள். “இந்தத் தடவையும் சரியா வரலேன்னா என் ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க” என்றும் சொன்னீர்கள்.

சுட்ட பொருளை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒட்டினால் வேகவில்லை. உங்கள் உருண்டை ஒட்டியது. எங்கள் சூளை மேஸ்திரி முகம் சுளித்தார்.

“பாவம் மெட்ராஸ்காரரு. அரைவேக்காட்டக் குடுத்து அனுப்பினா நம்ம சூளைக்குத்தான் அசிங்கம்.”

நல்ல சூட்டில் மறுபடி சுட்டார். நீங்கள் வந்து ஒன்றை நாக்கில் வைத்தீர்கள். ஒட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“நாக்க இழுக்கிற பொடித் துவாரமெல்லாம் அடைஞ்சு போச்சுங்க. மருந்து எங்க போய் உக்காரும்?”

“நல்லா வெந்தா தப்புன்றீங்களா?” மேஸ்திரிக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை. “அப்ப எங்க வூட்டு இட்லிய எடுத்துக்கிட்டுப் போங்க சார். அதுவும் ஒட்டும்.”

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். பிறகு குறைந்த சூட்டில் சுட்டு, வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துணி போட்டு மூடித் தந்தோம்.

சில மாதம் கழித்து வந்தீர்கள். கையில் கரியாகிப்போன உருண்டைகள்.

“பாழாப் போச்சா சார்?” என்று பதறினேன்.

“இல்லீங்க, வேலை செஞ்சிருக்குது. வாயு மாறுறப்பப் படிஞ்ச கரிதான் இது. ஆராய்ச்சியும் நிக்கல.”

சூளை வாயில் சற்று வைத்தோம். கரி எரிந்து உருண்டைகள் பழையபடி வெளுத்தன. வேகாதது நல்லது, கறுத்தது நல்லது என்றால் எனக்குத் தலை சுற்றாதா?

“வாயு மாறிடுச்சு, உருண்டை அப்படியே இருக்குது. அப்ப உள்ள என்னதான் சார் நடந்துச்சு?”

உருண்டைகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டீர்கள். “எனக்கும் முழுசாத் தெரியாதுங்க. அதுக்குத்தான் நிறுத்தக் கூடாதுன்னு சண்ட போட்டேன்.”

அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சார். பதில் தெரியாமலே இத்தனை காலம் சந்தோஷமாக வைத்திருந்தேன். இன்று அதை என் கையாலேயே எழுதியும் பார்த்துவிட்டேன்.