பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்த பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் நேற்று முதன்முறையாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். நாற்பது நிமிடத்துக்குத் திட்டம் எழுதியிருந்தேன். நான் கேட்கும் கேள்வி, பிள்ளைகள் சொல்லப்போகும் பதில், எல்லாம் அதில் இருந்தது. பயத்தில் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துபோனது!

சாக்பீஸும் கையுமாக மரம்போல நின்றேன். முன்பெஞ்சுக் குட்டி ஒருத்தி, "டீச்சர், பயமா இருக்கா?" என்றாள். உடனே பின்னால் திரும்பி, "டேய், பேசாதீங்கடா, டீச்சர் பாவம்!" என்று அதட்டினாள். வகுப்பு கப்சிப். வகுப்பை அடக்கப் புத்தகத்தில் ஏழு வழிகள் படித்திருந்தேன். இது அதில் இல்லை.

மதிப்பெண் போட வந்திருந்த மேற்பார்வை ஆசிரியை, அமைதிக்குப் பத்துக்கு ஒன்பது தந்தார். "பாடம் போய்ச் சேர்ந்துடுச்சு, பிள்ளைங்க இன்னும் கிளம்பவே இல்லையேம்மா" என்று சிரித்தார். பாடத்துக்குத் தந்தது இரண்டு.

அடுத்த வியாழன் எட்டாம் வகுப்பு. அவர்கள் பாவம் பார்க்கமாட்டார்களாம். அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவின் உயரமான செருப்பை உடனே அனுப்புங்கள். அந்த வகுப்பில் பாதிப் பேர் என்னைவிட உயரம். என் பழைய போர்வையும் வேண்டும். இங்கே போர்வை இருக்கிறது, இருந்தாலும்.

மணி அடிக்கிறது, ஓடவேண்டும். வியாழன் காலை என்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் மட்டும் செய்துவிடாதீர்கள் அப்பா. உங்கள் குரலைக் கேட்டால் நான் வகுப்புக்குள் போகமாட்டேன்.

உங்கள்
சின்னக்குட்டி