ராஜாளியும் மடவளை ரோட்டு கெமராவும்

செப்டம்பர் 8, திங்கள்
மடவளை ரோட்டுல வேகமா ஓட்டுறவங்கள புடிக்க ஏஐ கெமரா பூட்டிட்டாங்க. அண்ணே ஓட்டுற ராஜாளி பஸ்ஸுக்கு இனி ரேஸே இல்லயா? விடுவேனா. ரசிகர் பேஜ் நடத்துறது நான், பதினோராயிரம் ஃபாலோவர்ஸ். "கெமரா வேணாம்"னு போட்டேன், நானூறு ஷேர். அண்ணே சொல்றாரு, "பொலிஸ்காரர்னா ஒரு இளிப்பு இளிச்சி தப்பிக்கலாம் சிந்து. இது கம்பத்துல நிக்கிது, யாரப் பாத்து இளிக்க?"

செப்டம்பர் 10
முன் சீட்ல இருந்து எடுத்தேன். கெமராவுக்கு நேராவே மத்த பஸ்ஸ முந்திப் போனாரு அண்ணே. பாட்டு போட்டு ஏத்திட்டேன். முப்பதாயிரம் வியூஸ். கெமராவே மெரண்டிருக்கும்.

செப்டம்பர் 11
நதாங்கிற ஒருத்தன் கமெண்ட்: "14வது செக்கன். மஞ்சக் கோட்ட பாருங்க."
ஸ்லோ பண்ணி பாத்தேன். ஆளுங்க ரோட்ட கடக்குற மஞ்சக் கோட்டுல ஒரு பொம்பள, கையில புள்ள. பஸ் கிட்டக்க போகுது, அப்புறம் — ஒண்ணுமில்ல. அந்த எடத்துல நான்தான் வீடியோவ வெட்டிருக்கேன், பாட்டு பீட்டுக்காக. ஃபோன்ல எடமில்லனு ஒரிஜினலயும் அழிச்சாச்சி.
அண்ணேகிட்ட காட்டுனேன். "யாரு இது? நான் யாரயும் பாக்கலியே." அவரு பாக்கலங்கிறதுதான் பயமா இருக்கு. பட்டுருச்சா? படலியா?

செப்டம்பர் 12
வீடியோவ பேஜ்ல இருந்து தூக்கிட்டேன். தூங்கல.

செப்டம்பர் 13, சனி
அண்ணேயும் நானும் மடவளை போயி, வீடியோவுல இருந்து எடுத்த அந்தப் பொம்பள போட்டோவ காட்டி கடை கடையா கேட்டோம். ஃபோன் கடக்கார அஸ்ஃபர் நானா, போட்டோவ பாத்ததும், "இது நம்ம றம்லத் ஆன்ட்டி" ன்னாரு.
"உசுரோட இருக்காங்களா?" வாயில வேற வரல.
"காலையில தான் என்னோட சண்ட புடிச்சிட்டு போனாங்க."
எனக்கு சிரிப்பு வந்துருச்சி.
ஆன்ட்டி வீட்டு வாசல்ல புள்ள ஓடித் திரியிது. "நான் பின்னுக்கு பாய்ஞ்சிட்டேன் மகள். ஒத்த செருப்புதான் போச்சி," ன்னாங்க. அண்ணே அங்கனயே குந்தி அழுதாரு. "அழவா வந்தீங்க? அழுது முடிச்சா புதுச் செருப்பு வாங்கித் தாங்க," ன்னாங்க ஆன்ட்டி.
வரும்போது அண்ணே சொன்னாரு, "நான் பாக்கல சிந்து. அந்தக் கெமராவாவது பாத்துச்சே."
"கெமரா வேணாம்" போஸ்ட்ட நானே எடுத்துட்டேன். திட்டட்டும்.

செப்டம்பர் 24
கெமரா புடிச்சதுக்கு தண்டப் பேப்பர் பஸ் மொதலாளி பேருக்கு வந்துருச்சி. "கெமராவுக்கு டிரைவர் மொகமா தெரியுது? ஓட்டுனதுனு வேற ஆள் பேர் குடுப்போம்" ன்னாராம். அண்ணே, "நான்தான் ஓட்டுனேன்" னு எழுதி கையெழுத்து வச்சிட்டு வந்து ரெண்டு பிளேட் கொத்து ரொட்டி சாப்புட்டாரு.

அக்டோபர் 2
பேஜ்ல ஒருத்தன்: "ராஜாளி ஏன் இப்ப லேட்டு?"
"ஆளுங்க கடக்குறாங்க" னு போட்டேன்.