இரண்டு நொடி

மார்ச் 2

கேப் கனாவெரல். நாளை மறுநாள் என் மகள் டீலியா விண்வெளி நிலையத்துக்குப் புறப்படுகிறாள். ஐம்பத்தொரு வயதில் முதல் பயணம். தொற்று வரக்கூடாதென்று யாரையும் அருகில் விடுவதில்லை. சாலையோரப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விண்வெளி வீரர்கள், இந்தப் பக்கம் குடும்பத்தார் நாங்கள். இங்கே விடைபெறுவது அப்படித்தான். "உன்னால் எனக்குப் பெருமை" என்று சொல்லத்தான் ஹூஸ்டனிலிருந்து வந்தேன். இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு கையசைத்தாள். என் வாயில் வந்ததோ, "நிமிந்து நில்லு, டீலியா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஏன் இந்த வாய்? இனி ஆறு மாதம்.

மார்ச் 4

தரை அதிர்ந்தது, என் பல்செட்டும். ஒன்பதே நிமிடத்தில் மேலே போய்விட்டாள்! மருமகன் ரஸ்ஸல் தேம்பினான். நான் அழவில்லை. நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அதற்கு அனுமதி கிடையாது.

மார்ச் 19

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "ஹலோ" என்றேன். பதில் இல்லை. வணக்கம் சொல்லத் தெரியாத விற்பனைக்காரர்களோடு எனக்குப் பேச்சில்லை. வைத்துவிட்டேன்.

மாலையில் ரஸ்ஸல் வந்தான். "அத்தை, அது டீலியா! மேலேருந்து குரல் வந்து சேர ரெண்டு நொடி ஆகும். நீங்க டொக்குன்னு வெச்சிட்டீங்களாம்."

வானத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறாள் — நான் வெச்சுட்டேன்.

ஏப்ரல் 2

எந்த அழைப்பானாலும் இரண்டு நொடி எண்ணுகிறேன். இதுவரை வந்ததெல்லாம் ஜன்னல் கண்ணாடி, காது கருவி, கல்லறை நிலம் விற்பவர்கள்தான்.

ஏப்ரல் 6

"அம்மா, வெச்சுடாத!" என்றுதான் ஆரம்பித்தாள். "எடையில்லாம முதுகெலும்பு நீண்டு போச்சு. ரெண்டு அங்குலம் வளந்துட்டேன். இப்பவாவது நிமிந்திருக்கேனா?"

சிரித்தேன். அன்று சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தேன். இணைப்பு அறுந்தது.

செப்டம்பர் 5

இறங்கும் கலத்தைத் தீ சூழ்ந்திருக்கையில் சில நிமிடம் பேச்சே வராது. ஜெபமாலையில் எந்த மணியில் இருந்தேனென்றே மறந்துவிட்டது, வாழ்நாளில் முதல் முறையாக. பிறகு தொலைக்காட்சியில் பாராசூட் குடை விரிஞ்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலும் விரிஞ்சுது! பசிபிக் கடலில் பூப்போல இறங்கினாள். ரஸ்ஸல் என்னைத் தூக்கிச் சுற்றினான். "இறக்கி விடுப்பா, இடுப்பு போயிடும்" என்றேன், ஆனால் அவசரமில்லாமல்.

மாலையில் ஹூஸ்டன் விமானத் தளம். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் படியிறங்கி வந்தாள். என்னைக் கண்டதும் அவர்கள் கையை விலக்கிவிட்டு நிமிரப் பார்த்தாள். முழங்கால் மடிந்தது.

"மன்னிச்சுக்கோம்மா, இன்னிக்கு முடியல."

"யாருடி உன்னை நிமிரச் சொன்னா? சாஞ்சுக்கோ."

சாய்ந்தாள். என்ன கனம்! பள்ளத்தருகே விழுங்கியதை, பிறகு எந்த அழைப்பிலும் சொல்ல வராததை, அவள் காதில் சொன்னேன்.

இரண்டு நொடி பதில் இல்லை. காத்திருந்தேன்.